தூணுக்கு விழுந்த அடி

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது: அதை நீங்கள் திறமாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றும் நடக்காததற்காக யாரும் உங்கள் முதுகில் தட்டிக்கொடுக்கப் போவதுமில்லை. பள்ளி முற்றத்திலும் விளையாட்டுத் திடலிலும் நீச்சல் தடாகக் கரையிலும் நின்று, ஊரார் பெற்ற பிள்ளைகளை எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போன என் சக பாவப்பட்ட சனங்களே, இது உங்களுக்கு. மற்றவர்களும் வாசிக்கலாம், ஆனால் கொஞ்சம் இரக்கத்தோடு சிரியுங்கள்.

நான் சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற பகுதியில் குடியிருப்பவன். வருடக்கணக்காகத் துன் என்ற ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நின்றேன். சவர்க்காரத் தண்ணீரில் கிடந்து கைத்தோல் வெடித்து, இனி இந்தக் கைகளை நனைக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகு, ஒரு படிப்புப் படித்து, பக்கத்து ஊர்ப் பள்ளியின் டாகஸ்சூலெயில் சேர்ந்தேன். அந்த ஊரின் பெயர் வேண்டாம். டாகஸ்சூலெ என்பது, தாயும் தகப்பனும் வேலையால் வரும்வரை பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்டு, விளையாடி, வீட்டுப்பாடம் செய்து, சண்டையும் பிடித்துக்கொண்டு இருக்கும் இடம். எனக்குத் தந்த ஒப்பந்தம் கோடை விடுமுறை வரைக்கும்தான். அதற்குள் கரைச்சல் ஒன்றும் வராவிட்டால் நிரந்தரம் என்றார்கள். எனக்கோ அந்த வேலை நன்றாகப் பிடித்துவிட்டது. துன்னில் எந்தப் பானையும் என்னை 'ஹெர் சிவா', அதாவது திரு. சிவா, என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்ததில்லை.

மேசை விழாது

முதல் நாள் மத்தியானம் சீஸ் மக்ரோனியும் அப்பிள் களியும் சாப்பாடு. இரண்டையும் ஒரே கோப்பையில் போட்டு எப்படித்தான் சாப்பிடுகிறார்களோ என்று யோசித்துக்கொண்டே நான் மேசைகளைத் துடைத்தேன். சமையலறையில் பழகிய கை சும்மா இருக்குமா? மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். கரண்டிகளை ஒரே பக்கம் பார்க்க அடுக்கினேன். கதிரைகளை நேராக்கினேன். டாகஸ்சூலெயின் பொறுப்பாளர் ரெகுலா வாசலில் நின்று பார்ப்பது தெரிந்ததும், இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன்.

ரெகுலா உயரமான, அமைதியான மனுசி. கோபம் வந்தால் இன்னும் அமைதியாகிவிடுவார். என் பக்கத்தில் வந்து என்னை மெதுவாகத் திருப்பினார். எனக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் ஜன்னல் விளிம்பில் ஏறி நின்று, யார் முதலில் குதிப்பது என்று பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டு வந்து ரெகுலா சொன்னார்: "ஹெர் சிவா, மேசை விழுந்து கையை முறிக்காது. நீங்கள் மேசையைப் பார்க்க வேண்டாம்."

காட்டில் கத்தி

புதன்கிழமைகளில் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவோம். நெருப்பு மூட்டி, தடி சீவி, அதில் சோசேஜ் குத்திச் சுடுவார்கள். முதல் தடவை போனபோது ஏழு வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு மடக்குக் கத்தியைப் பொக்கெற்றிலிருந்து எடுத்தார்கள். ஓடி ஓடி எல்லாக் கத்தியையும் பறித்து என் முதுகுப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் என்னை ஒரு கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ரெகுலா வந்து, "அவர்களுக்கு விதி தெரியும், திருப்பிக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். கொடுத்துவிட்டு, யாருடைய விரல் முதலில் போகப்போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

சும்மா நிற்பது அழகில்லை என்று நானும் ஒரு தடியை எடுத்து, நின்றபடியே சீவத் தொடங்கினேன். அன்றைக்கு வெட்டுப்பட்டது ஒரே ஒரு விரல். அது என்னுடையது. முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நோயெமி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. விதிகளில் அவளுக்கு ஒரு தனிப் பற்று. பொய் என்பது அவள் வாயில் வராது, வாயை மூடிக்கொண்டு இருக்கவும் வராது. என் விரலில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஹெர் சிவா, குந்தி இருந்துகொண்டுதான் சீவ வேண்டும். இது கிண்டர்கார்ட்டனிலேயே சொல்லித் தருவார்கள்."

கேட்டுக்கு வெளியே

பள்ளிக் கேட்டுக்கு உள்ளே பிள்ளை எங்கள் பொறுப்பு. கேட்டைத் தாண்டினால், வீடு போய்ச் சேரும்வரை, பெற்றோர் பொறுப்பு. இந்த நாட்டில் அப்படித்தான். 'தனியே போகலாம்' என்று வீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் பிள்ளை தனியே போகும். நம்மவர்களுக்கு இது தொண்டையில் இறங்காத சங்கதி. எங்களிடம் ஆரணி என்று ஒரு தமிழ்ப்பிள்ளை இருந்தாள், ஆறு வயது. சுவிஸ் பிள்ளைகள் எல்லாம் தனியே போகிறார்கள் என்று ஆசிரியை சொன்னதால், அவளுடைய தாய் சுகந்தியும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். கார்த்திகை மாதம், ஐந்தரைக்கே இருட்டு. இருட்டில் தெரிவதற்கான செம்மஞ்சள் பட்டியைப் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன உருவம் தனியே நடந்து போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் வேலை நேரம் முடிந்துவிட்டதுதானே என்று, கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனேன். அவள் திரும்பினால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

போத்தல் போடும் பெரிய தொட்டிகளுக்கு அருகே வந்ததும், அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் குந்திக்கொண்டிருந்தது. குளிர்த்தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டிருந்தது. கத்த வாயெடுத்தேன். அது சுகந்தி. வேலையால் நேரே வந்து, பிள்ளை தனியே வருகிறாளா என்று ஒளிந்திருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு சுவிஸ் மனுசி திரையை விலக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. சுகந்தி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என்ன அண்ணை, நீங்களுமோ?"

கூடாத தூண்

முற்றத்தில் ஏறி விளையாட ஒரு மரக்கோபுரம் இருந்தது. நாலு தூண், நடுவே குறுக்குக்கட்டைகள். ஈஸ்டர் விடுமுறை முடிந்த வாரம் ஆரணி மேல்கட்டையில் தொங்கினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மேசை ஒன்றையும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பதற்காக விழுகிற பிள்ளை அந்தரத்தில் நின்றுவிடாது. கீழே மரச்சீவல் கொட்டியிருந்தும் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வளைந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ரெகுலா தொலைபேசி எடுக்க ஓடினார். பிள்ளையை அசைக்காமல், பயப்படவிடாமல் வைத்திருப்பது என் வேலை.

அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று படிப்பில் அழகான ஜெர்மன் வசனங்கள் சொல்லித் தந்திருந்தார்கள். ஒன்றும் வாயில் வரவில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளை விழுந்தால் என்ன செய்வோமோ அதுதான் வந்தது. ஒரு கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டு, மற்றக் கையால் தூணுக்குப் பளார் பளார் என்று விட்டேன். "ஆர் என்ரை பிள்ளையை விழுத்தினது? இவரோ? கூடாத தூண்! இந்தா! இந்தா!" முற்றம் முழுக்கப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஆரணியின் அழுகை விக்கலாகக் குறைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூணை ஒரு முறை முறைத்துப் பார்த்துச் சொன்னாள்: "இன்னும் ஒண்டு போடுங்கோ."

ரோல்ஸ் வந்த காரணம்

சுகந்திக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். என்னைத் திட்டுவார், அழுவார் என்று பயந்துகொண்டு எடுத்தால், "அவள் குழப்படி செய்தவளோ அண்ணை? உங்களுக்கு வேலைக்குள்ளை கரைச்சல் தந்திட்டாள், குறை நினையாதேங்கோ" என்றார். கை முறிந்த பிள்ளையின் தாய் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் இல்லை இல்லை என்கிறேன், அவர் ஓம் ஓம் என்கிறார். கடைசியில் எந்த ஆஸ்பத்திரிக்கு வருவது என்று கேட்க இரண்டு பேருமே மறந்துபோய், அவர் திரும்ப எடுத்துக் கேட்டார்.

அடுத்த நாள் சுகந்தியிடமிருந்து ஒரு பெரிய பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் வந்தது. சூடு ஆறாமல் துவாயால் சுற்றியிருந்தது. ரெகுலா இரண்டு சாப்பிட்டார், மூன்றாவதையும் எடுத்தார். எடுத்து வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்: "கை முறிந்தது அவர்களுடைய பிள்ளைக்கு. சாப்பாடு ஏன் எங்களுக்கு?"

குளிர்சாதனப் பெட்டி செய்த குற்றம்

நான் தூணை அடித்தது ஏன் என்று நோயெமி வந்து கேட்டாள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், பிள்ளை விழுந்தால் விழுத்தினதை நாங்கள் தண்டிப்போம் என்று விளக்கினேன். அது அவளுக்கு மிகவும் நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அதன்பிறகு எங்கள் முற்றத்தில் இடறி விழுந்த ஒரு பிள்ளையும் சும்மா எழும்பி வரவில்லை. வாங்குக்கு உதை, கதவுக்குக் குத்து, பந்துக்கு அடி. மரக்கோபுரத்தின் அந்தத் தூணுக்கு மட்டும் விசேட கவனிப்பு. போகிற வருகிற பிள்ளையெல்லாம் ஆரணியின் பேரில் ஒன்று போட்டுவிட்டுத்தான் போகும். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். நம்முடைய பழக்கம் ஒன்று சுவிஸ் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று.

ஒருநாள் மாலை மகனைக் கூட்டிப்போக வந்த தகப்பன் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். மிகவும் மரியாதையான மனிதர். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஹெர் சிவா, நேற்று எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குத் தண்டனை கிடைத்தது. அது என்ன குற்றம் செய்தது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது."

சிவப்பு வெள்ளை நாடா

பெருமை அந்த வாரத்தோடு போயிற்று. ஆரணி ஆஸ்பத்திரியில் டொக்டரிடம், "கட்டை சுழண்டது" என்று சொல்லியிருக்கிறாள். அது காகிதத்தில் ஏறி, அவளுடைய மருத்துவக் காப்புறுதிக்குப் போனது. தாய் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் ஆட்கள் சண்டை பிடிக்காவிட்டாலும் அவர்களுடைய காப்புறுதிகள் தங்களுக்குள் கேள்வி கேட்டுக்கொள்ளும். இது யாருடைய பிழை என்று காப்புறுதிக்காரர்கள் பள்ளியை நடத்தும் ஊர்ச்சபையைக் கேட்டார்கள். ஊர்ச்சபை ஆட்கள் வந்து கோபுரத்தைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நிபுணர் வந்து எல்லாரையும் விசாரிப்பார் என்றார்கள்.

ரெகுலா என்னை இருத்தி வைத்து ஒளிக்காமல் சொன்னார். சாதாரணமாக ஒரு பிள்ளை விழுந்தால் ஊர்ச்சபைதான் பொறுப்பு; வேலை செய்கிறவரை யாரும் தொட மாட்டார்கள். ஆனால் கோபுரத்தில் பழுது இருப்பது தெரிந்திருந்தும் ஒருவர் பிள்ளையை ஏறவிட்டிருந்தால், அது கடுமையான கவனயீனம். அது அவர் தலையில்தான் விடியும். அப்படிப்பட்டவரை இனி எந்தப் பள்ளியும் பிள்ளைகளுக்குக் கிட்ட விடாது. நான் மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்தேன். வெடிப்பு ஆறியிருந்தது, ஆனாலும் எனக்குத் திரும்பவும் துன்னின் சவர்க்காரத் தண்ணீர் மணத்தது. உண்மையில் பயந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் என் மனைவி மாலாவிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். லேசில் பதற மாட்டாள். நான் தூணை அடித்த கதையை இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டாள். சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "நல்லகாலம் தூணோடை விட்டியள். பக்கத்திலை நிண்ட ஆளைக் காட்டி, இவர்தான் விழுத்தினவர், அடி எண்டு பிள்ளைக்குச் சொல்லியிருந்தால் என்ன கதி?"

நோயெமியின் சாட்சியம்

நிபுணர் மெலிந்த மனிதர், நரைத்த மீசை. கையில் ஒரு சின்னச் சுத்தியல். கோபுரத்தை மேலிருந்து கீழே டொக் டொக் என்று தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அந்தத் தூணுக்கு வந்ததும் நின்றார். திரும்பவும் தட்டினார். குறுக்குக்கட்டையைப் பிடித்துத் திருகினார், சுழன்றது. தூணில் நிறையச் சப்பாத்து அடையாளங்கள் இருப்பதைக் கவனித்து, இது என்ன என்று கேட்டார். நாடாவுக்கு வெளியே நின்ற நோயெமி கையை உயர்த்தினாள்.

அந்தப் பிள்ளையை வாயை மூடு என்று சொல்லவும் முடியாது, சொன்னால் அதையும் சொல்லிவிடும். நிபுணர் குனிந்து, நடந்ததைச் சொல்லும்படி கேட்டார். நோயெமி நிமிர்ந்து நின்று, தெளிவாகச் சொன்னாள்: "ஆரணி விழுந்தாள். ஹெர் சிவா உடனே வந்தார். யார் குற்றவாளி என்று கண்டுபிடித்தார். தண்டனை கொடுத்தார். நாங்கள் மிச்சத்தைக் கொடுத்தோம்."

சுத்தியல்காரரும் நானும்

அதன்பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ரெகுலாவின் அறைதான். ஊர்ச்சபையிலிருந்து வந்த ஒரு அம்மாவும் பக்கத்தில் இருந்தார். நிபுணர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்கள் தூணை அடித்தீர்களா?"

"அடித்தேன்."

"குறிப்பாக அந்தத் தூணை?"

"அதுதான் கிட்ட இருந்தது."

"அதில்தான் பழுது இருக்கிறது. ஆகவே, பழுது உங்களுக்கு முன்பே தெரியும்."

"தெரியாது."

"தெரியாவிட்டால் ஏன் அடித்தீர்கள்?"

"பிள்ளை அழுதாள்."

நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார். "பிள்ளை அழுதால் நீங்கள் தூணை அடிப்பீர்களா?" ஓம் என்றேன். கதிரையில் அடிபட்டால் கதிரையை அடிப்போம், நிலத்தில் விழுந்தால் நிலத்தை அடிப்போம், எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நெற்றி வேர்க்க வேர்க்கச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. ஊர்ச்சபை அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிள்ளைகள் அடித்து அடித்துத்தான் கட்டை கழன்றதோ என்ற கேள்வியும் வந்தது; அவர்கள் அடித்தது ஆரணி விழுந்த பிறகுதான் என்றேன். நிபுணர் பேனாவைத் திரும்ப எடுத்தபடி சொன்னார்: "ஹெர் சிவா, உங்களை நம்ப எனக்கு விருப்பம். ஆனால் இதை நான் அறிக்கையில் எப்படி எழுதுவது?"

நாடாவுக்கு உள்ளே

அடுத்த கிழமை சுகந்தியை வரச் சொல்லியிருந்தார்கள். விழுந்த இடத்தைப் பிள்ளை காட்ட வேண்டும், தாய் கூட இருக்க வேண்டும். முதலே சுகந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்போமோ என்று எனக்கு மனம் அரித்தது. ரெகுலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: விசாரணை முடியும்வரை அந்தக் குடும்பத்தோடு இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. கதைக்கவில்லை. பஸ்ஸில் ஒருநாள் எதிரே கண்டபோதுகூட, காலநிலையைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு ஒரு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். அந்த மனுசி என்ன நினைத்ததோ.

அன்றைக்கு வெயில் எறித்தது. நிபுணர், ஊர்ச்சபை அம்மா, ரெகுலா, நான் எல்லாரும் முற்றத்தில் நின்றோம். சுகந்தி வேலை உடுப்போடு வந்தார். ஆரணியின் கையில் பச்சைக் கட்டு, அதில் வகுப்புப் பிள்ளைகளின் பெயரெல்லாம் எழுதியிருந்தது. சிரித்துக்கொண்டுதான் வந்தாள். கோபுரத்தைக் கண்டதும் நின்றாள். கீழுதடு பிதுங்கியது. அவ்வளவுதான், ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள். நிபுணர் கேள்வியைத் தொடங்க வாயைத் திறந்தபடி நின்றார்.

சுகந்தி யாரையும் பார்க்கவில்லை. கைப்பையைப் புல்லில் போட்டார். நாடாவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். "இவரோ என்ரை பிள்ளையின்ரை கையை முறிச்சது? கூடாத தூண்! இந்தா! இந்தா! இனிமேல் விழுத்துவியோ?" என்று நாலு சாத்துச் சாத்தினார். ஆரணி அழுகையை நிறுத்திப்போட்டு, தானும் உள்ளே போய்ச் சுகமான கையால் ஒன்று விட்டாள். ரெகுலா வாயைப் பொத்திக்கொண்டார். ஊர்ச்சபை அம்மா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தத் தூணைக் கட்டிப்பிடித்திருந்தாலும் பிடித்திருப்பேன்.

நிபுணர் தன்னைச் சுதாரித்துக்கொண்டு கேட்டார்: "தூணில் பழுது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" சுகந்தி மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்? இன்றைக்குத்தான் இதைக் கிட்டப் பார்க்கிறேன்" என்றார் ஜெர்மனில். "அப்படியென்றால் ஏன் அடித்தீர்கள்?" இவ்வளவு படித்த மனிதர் இதையும் கேட்கிறாரே என்பதுபோல அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சுகந்தி சொன்னார்: "பிள்ளை அழுகிறாளே."

பழி போய்ச் சேர்ந்த இடம்

கோபுரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். ஆணி இறங்கும் இடத்தில் தூண் உள்ளுக்குள்ளேயே உக்கிப்போயிருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. போன இலையுதிர் காலத்தில் பரிசோதித்த ஆட்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகள் உதைத்ததால் மரம் உக்காது என்று நிபுணர் தெளிவாகவே எழுதிக்கொடுத்தார். என் பெயருக்கு நேரே 'பொறுப்பு இல்லை' என்று இருந்ததை ரெகுலா வாசித்துக் காட்டினார். திரும்பவும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அன்றைக்கு மத்தியானம் சீஸ் மக்ரோனியை அப்பிள் களியோடு சேர்த்தே சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது.

ஒப்பந்தம் நிரந்தரமான செய்தியைக் கேட்டு மாலா நேரே உள்ளே போய்ச் சாமிப்படத்துக்கு விளக்கு ஏற்றினாள். லேசில் பதறாதவள் அத்தனை நாளும் எப்படிப் பதறியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நிபுணர் கடைசியாக ஒருநாள் கையெழுத்து வாங்க வந்தார். போகும்போது நான் துணிந்து கேட்டேன்: என் பிழையுமில்லை, பரிசோதித்தவர் பிழையுமில்லை, பிள்ளையின் பிழையுமில்லை என்றால், உங்கள் சட்டத்தின்படி பிழை யாருடையது? அவர் சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு விளக்கினார். கட்டின பொருளில் பழுது இருந்து அதனால் ஒருவருக்குக் காயம் வந்தால், யாருமே பிழை செய்யாவிட்டாலும், அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரர் பதில் சொல்ல வேண்டும்; இங்கே சொந்தக்காரர் ஊர்ச்சபை, அது செலவை ஏற்றுக்கொண்டுவிட்டது. கதவு வரை போனவர் திரும்பினார். மீசைக்குள் ஒரு சிரிப்பு. "ஆகவே ஹெர் சிவா, பிழை தூணுடையதுதான். நீங்கள் சரியான ஆளைத்தான் அடித்திருக்கிறீர்கள். சட்டத்தில் அந்த அடி மட்டும்தான் இல்லை."

ஆக, என் சக பாவப்பட்ட சனங்களே, பிள்ளைகள் விழாமல் பார்ப்பதற்கென்று நம்மை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளோ விழுவதற்கென்றே வளர்கிறார்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் மாலை ஐந்தரைக்கு ஒரு கையும் காலும் முறியாமல் கேட்டைப் பூட்டும்போது வருகிற அந்த நிம்மதிக்கு நிகரான சம்பளத்தை இன்னும் எந்த ஊர்ச்சபையும் கண்டுபிடிக்கவில்லை.